எடை குறைந்த பாக்கெட்

என் சகலையைப் பற்றி யார் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வேன். தங்கமான ஆள், உழைப்பாளி, வம்பு தும்புக்குப் போகாதவர் என்பேன். சொல்லி முடித்த கையோடு எனக்கு வயிறு எரியும். இதை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமை. அவர் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாகப் பொறாமை.

அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிப்ட் மெக்கானிக். என்னைவிட நாலு வயது சின்னவர், தலையில் என்னைவிட நாலு மடங்கு முடி. மாமனார் டிவி ரிமோட்டை என் கையில் கொடுக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது. இவருக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே கிடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வரிசையில் நின்றால், புது கவுன்ட்டர் இவருக்கு நேரே திறக்கும். இவர் இதற்கெல்லாம் ஒரு முயற்சியும் செய்வதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்கு மூல காரணம்.

லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது விசிலடிப்பது அவர் வழக்கம். உள்ளே ஆள் இருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தது. பழகிப் பழகி, இப்போது சந்தோஷம் வந்தாலே உதடு குவிந்துவிடுகிறது. லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். "பயப்படாதீங்கம்மா, கயிறு அறாது, அறுந்தாலும் பிரேக் இருக்கு. காலைல என்ன சாப்டீங்க? பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கதவு திறக்கும்போது உள்ளே இருந்தவர் சொந்தக்காரர் ஆகியிருப்பார். அவரோடு கடைத்தெருவில் நடக்கவே முடியாது. பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி நலம் விசாரிப்பார்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் மாத்திரை எடை போடுகிறேன். கண்ணாடிக் கதவு வைத்த தராசு. மூச்சுக்காற்று பட்டால்கூட எண் ஆடும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இருபது மாத்திரை எடுத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்து, எடை பார்த்து, இறக்க வேண்டும். எடையை யாரும் மாற்றி எழுதிவிடக் கூடாது என்று, வைக்கிற ஒவ்வொரு பொருளின் எடையையும் தராசே ஒரு காகித நாடாவில் அச்சடித்துத் தள்ளிவிடும். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. மாத்திரையை எடை போட்டதற்காக என்னைத் தெருவில் நிறுத்தி நலம் விசாரித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. ஏழு கோட்டை.

அது ஒரு கார்டு விளையாட்டு. மாமனார் நினைப்பது போல சீட்டுக்கட்டு அல்ல. ("ரெண்டு மாப்பிள்ளையும் சீட்டாடறாங்கன்னு வெளிய போய்ச் சொல்லித் தொலைக்காதீங்க" என்று மாமியாரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.) இதில் ஆளாளுக்கு நாற்பது கார்டு கொண்ட கட்டை அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கார்டை மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். எதிராளியின் ஏழு கோட்டையையும் முதலில் சாய்ப்பவர்தான் ஜெயித்தவர். கார்டுகளை ஒட்டிய பாக்கெட்டில்தான் விற்பார்கள். பாக்கெட்டுக்குப் பத்து கார்டு, பெட்டிக்கு இருபத்து நாலு பாக்கெட். உள்ளே என்ன இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் ஒன்பது வருஷமாக ஆடுகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது நாங்கள் ஆடுகிற கார்டுக் கடை. எட்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, எப்போதும் கவலையோடு தாடியைத் தடவிக்கொண்டிருக்கும் கடைக்காரர். அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் என் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

அதில் சகலையைச் சேர்த்துவிட்டது நானேதான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கரண்ட் போய்விட்டது. "அது என்ன சகல, எப்பவும் பையில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஜெயிப்பதற்கு ஓர் ஆள் கிடைத்தான் என்ற ஆசையில் சொல்லிக்கொடுத்தேன். முதல் பதினைந்து ஆட்டமும் நான் ஜெயித்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல மாதம் அது. பதினாறாவது ஆட்டத்தில் விசிலடித்துக்கொண்டே என் ஏழாவது கோட்டையைச் சாய்த்தார். "சும்மா குருட்டாம்போக்குல வந்துருச்சு சகல" என்று சமாதானம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் விலை ஏற ஆரம்பித்தது. அதற்குக் காரணம் மௌன ராணி.

மௌன ராணியை மேசையில் இறக்கினால், எதிராளி ஒரு முறை எந்தக் கார்டும் போட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் இரண்டு ராணி வாங்கிய காலத்தில் ஒன்றின் விலை ஒரு ஜோடி செருப்பின் விலை. மூன்றாவதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அடுத்த மாதம் எங்கோ ஒரு பெரிய போட்டியில் ஒருவன் மூன்று ராணியை வைத்துக்கொண்டு எல்லோரையும் துடைத்துப் போட்டான். ராணி மிக்சி விலைக்கு ஏறினாள். அப்புறம் வாஷிங் மெஷின். இப்போது ஒரு நல்ல பிரிட்ஜ், இரண்டு கதவு வைத்தது. வீட்டில் இருக்கும் பிரிட்ஜ் பன்னிரண்டு வருஷமாக முனகிக்கொண்டிருக்கிறது. இந்த லட்சணத்தில் மனைவியிடம் போய் ராணி வாங்கப் போகிறேன் என்று சொன்னால், நானும் அந்தப் பிரிட்ஜும் சேர்ந்துதான் வாசலில் நிற்போம்.

ஆட்டமே தெரியாதவர்கள் வர ஆரம்பித்தார்கள். புதுப் பெட்டி வரும் நாளில் சக்கரம் வைத்த பெட்டியோடு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். வாங்கிக்கொண்டு போய் பிரிக்காமல் பீரோவில் பூட்டிவைப்பார்கள், விலை ஏறட்டும் என்று. ஆடுகிறவனுக்குக் கார்டு இல்லை, ஆடத் தெரியாதவன் பீரோ நிறையக் கார்டு. கடைக்காரர் ஆளுக்கு ஒரு பெட்டி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராணி மறுபடியும் அச்சாகி வருகிறாள் என்று செய்தி வந்ததும் அந்த ஒரு பெட்டியின் விலையும் எகிறிவிட்டது. எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சகலையிடம் சொன்னேன்.

"பாதி பாதி போட்டு வாங்கிடலாம் சகல" என்றார் உடனே. பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே வாங்கி நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்க. எனக்கு இதுல எது நல்லது எது கெட்டதுன்னு என்ன தெரியும்?" என்றார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல.

விலையுயர்ந்த கார்டுகளின் மேல் மினுமினுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுக்கு எடை உண்டு. சாதாரண ஆளுக்கு அது தெரியாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு என் மேசையில் இருக்கிறது. பெட்டியைப் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இருபத்து நாலு பாக்கெட்டையும் ஒவ்வொன்றாக, மாத்திரையை வைப்பது போலவே இடுக்கியால் பிடித்து வைத்து எடை பார்த்தேன். தராசு தன் பாட்டுக்கு நாடாவை அச்சடித்தது. கனமான பன்னிரண்டுக்கும் நேரே பேனாவால் 'எ' என்று குறித்தேன், எனக்கு. மற்ற பன்னிரண்டுக்கும் 'ச'. ஒரு பாக்கெட் இருந்தது, பதினெட்டு புள்ளி ஏழு ஒன்று. எல்லாவற்றிலும் அதுதான் குறைவு. உள்ளே ஒரு கார்டே இல்லையோ என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவு. அதைச் சகலையின் பங்கில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். வைக்கும்போது சிரித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

அவருடைய பன்னிரண்டையும் கம்பெனிப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தேன். பெட்டியோடு கொடுத்தால் பார்வைக்கு நியாயமாக இருக்கும் அல்லவா. நாடாவைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டதாகத்தான் நினைவு. அதைப் பற்றி அப்புறம் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் உட்கார்ந்து பிரித்தோம். என் பன்னிரண்டில் பன்னிரண்டு மினுமினுப்பு. ஒன்றுகூடப் போட்டியில் வைத்து ஆடுகிற மாதிரி இல்லை. எல்லாம் பறக்கும் மீன், பேசும் மரம் என்று குப்பை. அவர் மேலே இருந்த பாக்கெட்டைக் கிழித்தார். விசில் வந்தது.

"சகல, இது நீங்க தேடிட்டிருந்த அந்தப் பொம்பளைதானே?"

மௌன ராணி. மினுமினுப்பு இல்லை. மெல்லிய தாளில், மங்கலான நிறத்தில், அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கடைக்காரரிடம் கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சில திருட்டுப்பசங்க எடை போட்டுப் பார்த்துக் கனமானதா எடுத்துக்கறானுங்களாம். அவனுங்கள ஏமாத்தத்தான் இந்தத் தடவை ராணிய மட்டும் மெல்லிசா அடிச்சிருக்காங்க. நல்லா வேணும் இல்ல?"

"நல்லா வேணும்" என்றேன் நான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சகலை அந்த ராணியை உறை போடாமல் ஆடினார். படிக்கிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியாது. எங்கள் ஆட்கள் சாதாரணக் கார்டுக்கே ஒரு பிளாஸ்டிக் உறை போடுவார்கள், ராணிக்கு உறைக்கு மேல் உறை. கார்டைத் தொடும் முன்பு கை கழுவுகிறவர்கள் உண்டு. இவர் லிப்ட் கிரீஸ் முழுதாகப் போகாத விரலால் ராணியை மற்ற கார்டுகளோடு சேர்த்துப் படபடவென்று கலைப்பார். டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார். ஒருமுறை யோசிக்கும்போது அவள் முனையால் காதைக் குடைந்தார். அந்த நேரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஆறு மாதத்தில் ராணியின் ஓரம் எல்லாம் வெளுத்துப்போயிற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கண் முன்னால் ஒரு பிரிட்ஜ் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம்தான் எனக்கு அந்தக் கடிதம் வந்தது. ஒன்பது வருஷ ஆட்டத்தின் புள்ளிகள் ஒருவழியாகச் சேர்ந்து, மண்டலப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தேன். எங்கள் கடையிலிருந்து நான் ஒருவன்தான். கடைக்காரர் என் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்தார். எந்த நாற்பது கார்டோடு ஆடப்போகிறேன் என்ற பட்டியலைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இரண்டு ராணியோடு போவது, மண்டபத்தை வேடிக்கை பார்க்கப் போவதற்குச் சமம். மூன்றாவது ராணி வேண்டும். வாங்கக் காசில்லை. ஊரில் ஆடுகிற யாரிடமும் உபரியாக இல்லை. பூட்டிவைத்திருப்பவர்கள் இரவல் தருகிற ஜாதி இல்லை.

"உங்க சகலகிட்ட ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, போய்க் கேளுங்களேன். கேட்டா குடுக்க மாட்டாரா?" என்றாள் மனைவி.

கொடுப்பார். அதுதானே பிரச்சினை. அவரிடம் போய்க் கேட்டு, அவர் பெரிய மனசோடு சிரித்துக்கொண்டே கொடுத்து, நான் அதை வாங்கிக்கொண்டு வருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கேட்பதில்லை, மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் மினுமினுப்புக் குப்பையில் பளபளவென்று இருந்த இரண்டைப் பொறுக்கி எடுத்து, உறை போட்டு, சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

மச்சினி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா, அக்கா வரலையா?" என்று டீ போடப் போனாள். சகலை தரையில் உட்கார்ந்து மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தார். போட்டிக்குப் போவது பற்றிப் பேசிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஆரம்பித்தேன்.

"உங்க ராணி இருக்காளே சகல, அது மெல்லிசு அச்சு. ஓரமெல்லாம் வேற வெளுத்துப்போச்சு. அதுக்கெல்லாம் இப்ப மதிப்பு கிடையாது. உங்களுக்கு நஷ்டம் ஆகக் கூடாதேன்னு சொல்றேன். நான் இந்த ரெண்டையும் தர்றேன். பாருங்க, எப்படி மின்னுது. அத என்கிட்ட தள்ளிவிட்ருங்க."

அவர் இரண்டு கார்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரி மேல் இருந்த பெட்டியை எடுத்தார். நான் கொடுத்த அதே கம்பெனிப் பெட்டி. உள்ளே அவருடைய நாற்பது கார்டும் இருந்தன. ராணியை எடுத்து வெளியே வைத்தார். அப்புறம் பெட்டியின் அடி அட்டையை நகத்தால் நெம்பி, அதன் கீழே நாலாக மடித்து வைத்திருந்த ஒரு காகித நாடாவை எடுத்து, தரையில் நீளமாக விரித்தார்.

இருபத்து நாலு எடை. பக்கத்தில் என் கையெழுத்தில் எ, ச, ச, எ.

"மெல்லிசுன்னு தெரியும் சகல" என்றார் மெதுவாக. விரலை ஒரு வரியின் மேல் வைத்தார். "பதினெட்டு புள்ளி ஏழு ஒண்ணு. எல்லாத்துலயும் கம்மி இதுதான். எல்லாத்துக்கும் மேல வெச்சிருந்தீங்க."

உள்ளே டீத்தூள் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. மச்சினி எந்த நிமிஷமும் வரலாம். நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, தராசின் எண் இருந்தது, என் ஊழியர் எண் இருந்தது.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"அன்னிக்கே. பாக்கெட்டெல்லாம் எடுத்ததும் அடியில கெடந்துச்சு. எங்க வேலையும் எடைதானே சகல. எத்தனை பேர் ஏறினா எவ்வளவு தாங்கும்னு நாள் பூரா நம்பர்தானே பாக்கறேன். மொதல்ல என்னமோ பில்லுன்னு நெனச்சேன். அப்புறம் எ, ச பார்த்ததும் வெளங்கிருச்சு."

"உங்க வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவர் ராணியை எடுத்து, சட்டையில் ஒருமுறை தேய்த்து, என்னிடம் நீட்டினார். "சொன்னா அவ அக்காகிட்ட சொல்லுவா. அப்புறம் நீங்க ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கமே வரமாட்டீங்க. நான் யார்கூட ஆடறது?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? வாங்கிக்கொண்டேன். பையிலிருந்து உறை எடுத்து, உறைக்கு மேல் உறை போட்டு, நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டேன். மச்சினி டீ கொண்டுவந்தாள். அதற்குள் அவர் நாடாவை மடித்துப் பழையபடி பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். "ஜெயிச்சுட்டு வாங்க சகல" என்றார். வழியெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். முடி, ரிமோட், ராணி எல்லாம் அவருக்கே இருக்கட்டும். இந்த மனசுமா அவருக்கே வாய்க்க வேண்டும்?

பட்டியலை ஐந்தே முக்காலுக்கு அனுப்பினேன். மூன்று ராணி.

மண்டலப் போட்டியில் நாலாவது சுற்றில் வெளியேறினேன். அங்கே வந்திருந்த எல்லோரிடமும் மூன்று ராணி இருந்தது. எல்லோரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் வாயடைக்க வைத்துக்கொண்டிருந்தோம். மூன்று சுற்று ஜெயித்ததற்கே கடைக்காரர் என் பெயரை இன்னும் கரும்பலகையிலிருந்து அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராணியைத் திருப்பிக் கொடுத்தேன். சகலை இரண்டு உறையையும் வேர்க்கடலைத் தோல் உரிப்பது போல உரித்துப் போட்டுவிட்டு, அவளைத் தன் கட்டுக்குள் செருகி, படபடவென்று கலைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தன் பையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத பெட்டி.

"நேத்து கடைல வந்துச்சு. நானே வரிசைல நின்னு வாங்கிட்டேன். உங்க பாதிய அப்புறமா குடுங்க. நீங்களே பிரிச்சுடுங்க சகல."

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவர் பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கண்ணாடித்தாளைக் கிழித்தேன். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், தராசு இல்லாவிட்டாலும் கை தன்னால் எடை பார்க்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று இருந்தாலும் உள்ளங்கை சொல்லிக்கொண்டே வந்தது. இது சாதாரணம். இதில் மினுமினுப்பு. இது சாதாரணம். பதினேழாவது பாக்கெட்டைத் தூக்கினேன். கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. அவ்வளவு மெல்லிசு.

பதினேழாவது அவருடைய முறை.

டிவியில் மாமனார் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அக்காவும் தங்கையும் எதற்கோ சிரித்தார்கள். சகலை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், என் கையைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் அவர் பக்கம் வைத்துவிட்டு, பதினெட்டாவதை என் பக்கம் வைத்தேன். வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அவர் டீயைக் குடித்து முடித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். ஒன்பதாவது பாக்கெட்டில் விசில் வந்தது.